அறுபத்து நாலு உருப்படி

"மொத்தமே இன்னும் அறுபத்து நாலு உருப்படிதான் மேடம் மிச்சம்" என்று கொசுக்காரி மைக்கில் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிராணிகள் நல அறக்கட்டளைத் தலைவி கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்.

கொசுக்காரி என்பது பட்டப்பெயர்தான். கணித உயிரியலில் யார் எந்த ஜீவனுக்குச் சமன்பாடு எழுதுகிறார்களோ, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். அந்த மண்டபத்தில் ஆமைக்காரர் இருந்தார், கழுகுக்காரர் இருந்தார், பத்து வருஷமாக வவ்வாலோடு மாரடிக்கும் வழுக்கைத் தலையரும் இருந்தார். ஆனால் இன்றைக்கு அவள் பேச வந்தது கொசுவைப் பற்றி அல்ல.

முதல் நாள் பயிற்சி, இரண்டாம் நாள் சந்திப்பு, மூன்றாம் நாள் வேலைவாய்ப்பு என்று மாநாட்டு அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பயிற்சி நடந்தது, சந்திப்பும் நடந்தது. வேலை மட்டும் ஒன்றே ஒன்று! அழியப் போகிற ஒரு பிராணியைக் கணக்குப் போட்டுக் காட்டித் தலைவியின் மனசை யார் உருக்குகிறார்களோ, அவருக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை. கொசுக்காரியின் இப்போதைய வேலை நாளையோடு முடிகிறது.

காலையில் வாசல் மேசையில் பெயர் பதிகிறவர், "அறுபத்து மூணு பேர் வந்திருக்கீங்க, கடைசி நாள் பரிசுப் பை அம்பதுதான் இருக்கு. ரெண்டு ரெண்டா எடுத்தா நான் பொறுப்பில்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் களேபரத்தில்தான் பக்கத்து நாட்டிலிருந்து அவள் புருஷன் போன் பண்ணினான். அவனுக்கும் இதே தொழில்தான். அங்கே ஒரு வருஷ வேலை, லீவு என்று வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும்.

"இது கிடைக்கலேன்னா என்னடி பண்ணுவே?"

"வேற என்ன, இன்னொரு நாடு."

"எட்டு மாசமாச்சு, உன் முகமே மறந்துடும் போல இருக்கு" என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மேடை ஏறியிருந்தாள்.

"என்னம்மா சாப்பிடும் அது?" என்று தலைவி கேட்டார்.

"கிடைச்சதைச் சாப்பிடும் மேடம். யாராவது தட்டுல எதையாவது வச்சா கூட்டமா வரும். இல்லேன்னா பட்டினி."

"அடப்பாவமே! கூடு கட்டுமா?"

"எங்க மேடம்? ஒரு இடத்துல உட்கார விட்டாத்தானே! ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் விரட்டிடுவாங்க. அப்படியே கடல் தாண்டிப் போயிடும்."

"குட்டி?"

"ஆண் ஒரு கரையில, பெண் ஒரு கரையில. அப்புறம் குட்டிக்கு எங்க போறது?"

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அங்கே எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தும் ஒரு வளைகோடும்தான் இருந்தன. "ஒரு போட்டோகூட இல்லையாம்மா?"

"எங்க தொழில்ல புலியும் எக்ஸ்தான், பூரானும் எக்ஸ்தான் மேடம்."

சத்தியமான வார்த்தை. ஆமைக்காரர் இதுவரை ஓர் ஆமையை நேரில் பார்த்ததில்லை, வழுக்கைத் தலையரோ வவ்வாலைக் கண்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடுங்குகிறவர். அதனால் அது என்ன ஜீவன் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வளைகோடு மட்டும் சரசரவென்று இறங்கித் தரையைத் தொட்டது.

"ஏழே வருஷம் மேடம். அதுக்கப்புறம் ஒண்ணுகூட இருக்காது."

"போதும்மா, நிறுத்து! என்னால தாங்க முடியல" என்று தலைவி எழுந்தேவிட்டார். "வாயில்லாத ஜீவன், அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? என் தோட்டத்துலயே பெரிய கூண்டாக் கட்டுறேன். மூணு வேளையும் சாப்பாடு, பார்த்துக்க டாக்டர். சாகுற வரைக்கும் ஒருத்தன் அதுங்களை விரட்டக் கூடாது!"

ஆமைக்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "மூணு வேளையுமா மேடம்?"

"மூணு வேளையும்தான்."

"கூரை ஒழுகாதே?" என்றார் கழுகுக்காரர் கவலையோடு.

"சொட்டுத் தண்ணி இறங்காது."

"வயசானதுகளையும் சேர்த்துப்பீங்கதானே?" என்று கேட்டார் வழுக்கைத் தலையர். தலைவிக்குப் புல்லரித்துவிட்டது. பிராணிகள் மேல் இத்தனை பாசம் வைத்த விஞ்ஞானிகளை அவர் தம் ஆயுசிலேயே பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபமே எழுந்து நின்றது.

"ஒண்ணு விடாம நாளைக்கே பிடிச்சிட்டு வந்துடலாம். எங்கெங்கே இருக்குன்னு மட்டும் சொல்லும்மா."

"அறுபத்து மூணு இங்க பக்கத்துலயே இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பக்கத்து நாட்டுல தனியாக் கிடக்கு."

"ஐயோ! அது ஆணா, பெண்ணா?"

"ஆண் மேடம்." கொசுக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதே கண்ணு. என்ன செலவானாலும் அதையும் கொண்டுவந்துடுறேன். வேற ஏதாவது வேணும்னா இப்பவே கேட்டுடு."

கொசுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரையும் என்னையும் ஒரே கூண்டுல போடுவீங்களா, மேடம்?"