ஸ்டேஷன் கடிகாரப்படி

"ஸ்டேஷன் கடிகாரப்படி பத்து நிமிடத்துக்குள் கலைந்து போகாவிட்டால் துப்பாக்கிச் சூடு நடத்தப்படும்" என்று மாஜிஸ்திரேட் வாசித்து முடித்தபோது, உச்சிவெயிலில் ஸ்டேஷன் கடிகாரம் நாலே கால் காட்டியது.

மூன்று நாளாகவே அது நாலே கால்தான். அதற்குச் சாவி கொடுப்பவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்.

தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேரில் யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு தொற்றிக்கொண்டது.

மாஜிஸ்திரேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் முந்நூறு பேர், பின்னால் நாற்பது துப்பாக்கி. ஊர் அமைதிக்கு நீரே பொறுப்பு என்று மேலிடம் எழுதிக் கைகழுவிவிட்டது. சுட்டால் கொலைப்பழி, சுடாவிட்டால் கையாலாகாதவன் என்ற பெயர். நல்ல உத்தியோகத்துக்கு வந்தார் மனுஷன்.

இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மாஜிஸ்திரேட் தாளைத் தட்டிக் காட்டினார். ரயில்வே எல்லைக்குள் நேரம் என்றால் ஸ்டேஷன் கடிகார நேரம்தான். ஆணை அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. போன வருஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுட்ட இன்னொரு இன்ஸ்பெக்டர் இன்னமும் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிறார்.

இவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடிகாரத்தை ஓடவிட ஏணி கொண்டுவரச் சொன்னார். சாவி எடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போன கான்ஸ்டபிள் வெறுங்கையோடு திரும்பினார். ஆணியில் சாவி இல்லையாம்.

அவ்வளவுதான். சாவி கொடுப்பவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து பிளாட்பாரத்தில் மண்டியிட வைத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். எழப்போன ஆட்களைத் தொழிற்சங்கத் தலைவரே கையமர்த்தினார். எழுந்தால் கலவரம் என்று ஆகிவிடும்.

"சத்தியமா தெரியாதுங்கய்யா. எப்பவும்போல அந்த ஆணியிலதான் மாட்டிட்டு வந்தேன்."

பொய் சொல்கிற முகமில்லை அது. இன்ஸ்பெக்டர் தடியை ஓங்கினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில். உள்ளதைச் சொல்லியும் அடிக்கிறார்களே, நீங்களாவது கேட்கக் கூடாதா என்பதுபோல மனிதர் மாஜிஸ்திரேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தை சொன்னால் அடி நின்றுவிடும். கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிடும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விடியற்காலையில், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் ஆணியிலிருந்து எடுத்த சாவி, கோட்டுப் பைக்குள் அவருடைய வியர்த்த கையில் இருந்தது.

மூன்றாவது அடி விழுந்தது. மாஜிஸ்திரேட் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.