ஒரு முழம் பிச்சிப்பூ

"ஏட்டி, போன் வந்துதா?"

தக்கலையில் பஸ் ஏறியதிலிருந்து பொன்னுலிங்கம் இதைக் கேட்காத நிறுத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி பூங்கனி, பழம்பொரியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினாள்.

"வந்த சேதி உங்க காதுக்கு எட்டாமலா போவும்? பைய இரிங்க."

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய புராஸ்டேட் சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றா இல்லையா என்று போனில் சொல்வார்களாம். யார் நம்பரைக் குறிக்கட்டும் என்று நர்ஸ் கேட்டபோது, அதைத் தன் காதால் கேட்கிற தெம்பு இல்லாமல் மனைவியின் நம்பரைச் சொல்லிவிட்டார். அன்று முதல் மனிதருக்கு ஒரே வெப்ராளம். கேஸ் சிலிண்டர்காரன் போன் பண்ணினால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். இப்போதும் முன்சீட்டில் யாருக்கோ போன் அடித்ததற்கு இவர் எழுந்து நின்றுவிட்டார்.

இத்தனைக்கும் சாதாரண ஆள் இல்லை. தோவாளைச் சந்தையில் பூ வியாபாரி. பேரத்தில் தன்னை ஜெயிக்க ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பார். சோறு தின்கிறபோதும் வியாபாரப் பாடம்தான் நடக்கும். "வெலை தெரிஞ்சவன் வாயைத் தொறக்கப்படாது. தெரியாதவனப் பேச விடணும். அவனே ஏத்திக்கிட்டுப் போவான்." அப்பேர்ப்பட்டவர் முந்தாநாள் பிச்சிப்பூவை நிறுத்து அரளி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடைப் பூ வீட்டுப்படி ஏறக் கூடாது. ஏறினால் வியாபாரம் படுத்துவிடுமாம். அதனால் பூ வியாபாரியின் பெண்டாட்டி, கல்யாணமான நாள் முதல், பஸ் ஸ்டாப்பில் வேறொருத்தியிடம் பூ வாங்கித்தான் தலையில் வைக்கிறாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் வாய் வலித்துப் போனது.

இன்று காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது, பூங்கனி அடுக்களையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அடுப்பில் இருந்ததோ இட்லி. தன்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று அவருக்குப் பகீரென்றது. அதற்குள் அவள் பட்டுச்சேலையை எடுத்துவிட்டாள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை இன்றைக்கே பார்க்க வேண்டுமாம். சரி, கஷ்ட காலத்தில் பெருமாளை விட்டால் யார் என்று அவரும் கிளம்பினார். வழியில் தக்கலையில் இறங்கி டீ குடித்தாள், பழம்பொரி வாங்கினாள், அவர் பங்கையும் சேர்த்துத் தின்றாள். விசனம் வந்தால் சிலருக்குப் பசிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோயிலில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சன்னதிக்கு முன்னால் போய் நின்றார். மூன்று வாசல் நீளத்துக்குப் பெருமாள் நிம்மதியாகப் படுத்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் பொன்னுலிங்கத்துக்குக் கண் நிறைந்து வழிந்தது. சாவதற்குப் பயமாக இருந்தது. இவளைத் தனியாக விட்டுப் போவது அதைவிடப் பயமாக இருந்தது. கைகூப்பி வாய்விட்டே நேர்ந்துகொண்டார்.

"பெருமாளே, நல்ல சேதி வந்தா ஒனக்கு ஒரு துளசி மாலை."

பூ வியாபாரி துளசியோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகவா இருக்கும் என்று பூங்கனி காதோடு கேட்டாள். அவர் அதை ஒரு கூடை பிச்சிப்பூவாக்கினார். இவ்வளவு நீளத்துக்குப் படுத்திருக்கிறவருக்கு ஒரு கூடை கால்மாட்டுக்கே காணாது என்றாள். வருசா வருசம் ஒரு வண்டிப் பூ என்றார். அதற்கும் அவள் முகம் தெளியவில்லை.

"பெருமாளுக்குப் பூவு ஆரும் குடுப்பாவ. நேர்ச்சைண்ணா நம்மால முடியாததயில்லா நேரணும்?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தவளின் தலையில் இன்று பூ இல்லை.

"எனக்கு அந்த நோவு இல்லேண்ணு சேதி வந்தா," என்றார், குரல் உடைய, "எனக்க உசுரு உள்ள மட்டும் தினமும் இவளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூவு கொண்டு குடுப்பேன். எனக்க கடைப் பூவு."

"உதிரியா, கெட்டினதா?"

"கெட்டினது. எனக்க கையாலயே கெட்டினது. பெருமாள் சாட்சி."

அவளும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பூசை செய்கிற போற்றி கொடுத்த சந்தனத்தை வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். கோயிலுக்குள் அணைத்து வைத்திருந்த போனைத் திறந்து பார்க்கச் சொல்லி அவர் பையை அவளிடம் நகர்த்தினார்.

பூங்கனி பையைத் தொடவில்லை. அவர் நெற்றியில் சந்தனத்தைப் பூசிவிட்டு, கன்னத்தில் வழிந்திருந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"காலம்பற நீங்க குளிக்கப் போனப்பளே போன் வந்தாச்சு. புத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, வயசுக்கு வாற வீக்கமாக்கும், மாத்திரையே போதும்ணு சொன்னாவ," என்றாள் அவள். "வெலை தெரிஞ்சவ வாயைத் தொறக்கப்படாதுல்லா?"