கல்லிடைக்குறிச்சியில் ஒரு ‘எல்’

“சார், நீங்க நெசமாவே எம்.டெக். முடிச்சவருதானா?”

ஷம்ஸியா கேட்டதும் சர்வர் அறையே சிரித்தது. மகேஸ்வரனும் சேர்ந்து சிரித்தான்.

அவன்தான் கல்லூரியின் கணினிப் பிரிவுக்குத் தலைமை. வயது இருபத்தொன்பது. ஷம்ஸியாவுக்கு நாற்பத்திரண்டு. பன்னிரண்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். ஆறு மாதத் தற்காலிகப் பணி. இன்றோடு முடிகிறது.

போன வாரம் முதல்வர் ஞானம்பாள், “இங்க ரெண்டு பேர் எதுக்கு? நீங்க ஒருத்தர் போதாதா மகேஸ்வரன்?” என்று கேட்டபோது, அவன் வாயே திறக்கவில்லை. ஷம்ஸியா பக்கத்தில்தான் நின்றாள். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று வசமாக மாட்டிக்கொண்டான்.

கல்லூரிக்கென்று சொந்தமாக ஒரு பிரைவேட் க்ளவுட். நான்கு லினக்ஸ் சர்வர்களையும் சேர்த்து, மாணவிகளுக்கு ஆளுக்கொரு கணினி மாதிரி பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். அதை முதல்வர் கண் முன்னால் நிறுவிக் காட்ட வேண்டும். என்டரைத் தட்டினான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

“என்ன மகேஸ்வரன் இது?”

“தெரியலையே மேடம்... அக்கா, கொஞ்சம் பாருங்களேன்.”

ஷம்ஸியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அரை நிமிஷம்தான்.

“மேடம், சர்வருக்கு கல்லிடைக்குறிச்சின்னு பேரு வச்சிருக்காரு. இங்கிலீஷ்ல ஒரு ஃபைல்ல ரெண்டு ‘எல்’, இன்னொரு ஃபைல்ல ஒரு ‘எல்’. மெஷின் எந்த ஊர்னு தேடும்?”

திருத்தினாள். மறுபடி சிவப்பு.

“யா அல்லாஹ்! மத்த மூணு சர்வரும் இன்னைக்குல இருக்கு. இது மட்டும் நேத்துல நிக்குது சார்!”

“அப்போ நான் நேத்து போட்ட லீவு கணக்குல வராதுல்லா மேடம்?” என்றார் லேப் உதவியாளர் பூதத்தான். முதல்வருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பு. அதையும் பிடித்தாள். ஒவ்வொரு தப்புக்கும் பூதத்தான் மேஜையைத் தட்டினார். ஷம்ஸியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடுவில் கணவர் ஷேக் மைதீனுக்குப் போன் போட்டு, “மச்சான், இங்கன ஒரே கூத்து! பொறவு சொல்லுதேன்” என்று வைத்தாள்.

கடைசியாக ஸ்டோரேஜ் மக்கர் செய்தது.

“இதுல எழுத அனுமதியே குடுக்கலை சார். விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போனா எப்படி?”

என்டர். ஓடியது, ஓடியது... பச்சை! லாகின் பக்கம் திறந்தது. ஷம்ஸியா க்ளவுடுக்குள் ஒரு புதுக் கணினியை உருவாக்கினாள். நாற்பதே வினாடியில் அது கண் விழித்தது. பூதத்தான் விசிலே அடித்துவிட்டார்.

“மகேஸ்வரன், இவங்க இல்லாட்டா இன்னைக்கு என்ன பண்ணியிருப்பீங்க?”

மகேஸ்வரன் தலையைச் சொறிந்தான். “கஷ்டம்தான் மேடம்.”

“ஷம்ஸியா, என் ரூமுக்கு வாங்க. பெர்மனன்ட் ஆர்டர் அடிக்கச் சொல்லுதேன்.”

அரை மணி கழித்து, ஆர்டரும் கையுமாக, கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே திரும்பி வந்தாள். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மகேஸ்வரன் மட்டும் மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான்.

செய்ததையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளலாமே என்று, ‘ஹிஸ்டரி’ என்று தட்டினாள். அந்த சர்வரில் இதுவரை கொடுத்த கட்டளைகள் எல்லாம் தேதியோடு வரிசையாக வந்தன.

மேலே நகர்த்திக்கொண்டே போனவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

மூன்று நாளைக்கு முன்பே அதே மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. ஒரே மூச்சில், ஒரு பிழை இல்லாமல். பிறகு மொத்தமாக நீக்கப்பட்டிருந்தது.

அதற்குக் கீழே நான்கு வரிகள். பெயரில் ஒரு ‘எல்’லை எடுத்தது. நேரத்தை ஒரு நாள் பின்னால் தள்ளியது. பாஸ்வேர்டை மாற்றியது. எழுதும் அனுமதியைப் பிடுங்கியது.

ஷம்ஸியா திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியது, அதையும் மீறிச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஏ தம்பி,” என்றாள், முதல் தடவையாக. “இவ்வளவும் பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு, ஹிஸ்டரியை அழிக்கத் தெரியலையே!”