ஆறு வருஷக் காத்திருப்பு

தாம்பரத்தில் வாங்கிய லட்டு டப்பாவோடு தனசிங் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஆறு வருஷமா காத்திருந்தேன்க்கா. ஒருவழியா நடந்துடுச்சு!" என்று பக்கத்து வீட்டு எல்லம்மாவுக்கும் ஒரு லட்டு கொடுத்தார்.

அதை வாயில் போட்டுக்கொண்டு எல்லம்மா அவர் மனைவி கிருபாவிடம் ஓடினாள். "இன்னாம்மா, எத்தினி மாசம்? எங்கிட்டகூட சொல்லல பாரு!"

கணவரின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த கிருபா நிமிரவில்லை. "குழந்தை இல்லக்கா. பூகம்பம்."

"இன்னாது?"

"வடக்கே ஒரு மலையூர்ப் பாறையில ஆணி அடிச்சு, அது இருக்கிற இடத்தை வருஷா வருஷம் சாட்டிலைட் வெச்சு அளந்துட்டு வந்தார். பூகம்பத்துக்கு அப்புறம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளந்தாத்தான் ஆராய்ச்சி முடியுமாம். நேத்து வந்துடுச்சு."

ரேடியோவில் செத்தவர்களின் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லம்மா வாயிலிருந்த லட்டைக் கையில் துப்பினாள்.

"அந்த ஊர் ஜனங்க?"

"போறப்பல்லாம் இவருக்குச் சோறு போட்ட குடும்பமும் அங்கதான்க்கா."

தனசிங் காலி டப்பாவோடு உள்ளே வந்தார். முகத்தில் கவலை.

"கிருபா, நல்லா ஜெபம் பண்ணிக்கோ. அந்த ஆணிக்கு மட்டும் ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது."