அமலதாஸைக் காப்பாற்றும் ஆட்டம்

அன்றன்றைய செய்தி மாலைக்குள் போனில் விளையாட்டாக வந்துவிடும் காலம் அது. படகு கவிழ்ந்து அமலதாஸ் கடலோடு போன மறுநாளே, அவனைக் காப்பாற்றும் ஆட்டத்தை ஊரே ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிறவர்கள் எல்லாரும் அதில் மிக்கேல். அதே படகில் போன நிஜ மிக்கேல் தனியாகக் கரை திரும்பியிருந்தான்.

"நானே மூணாவது தடவையில காப்பாத்திட்டேன்வே," என்றார் டீக்கடை லூர்து. "கயித்த இடுப்புல ஒரு சுத்துச் சுத்தியிருக்கணும். நீரு கையில மட்டும் பிடிச்சீரு, வுட்டுட்டீரு."

மிக்கேல் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். மூன்று லட்சம் பேர் அமலதாஸைக் காப்பாற்றிவிட்டதாகக் கடையின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அமலதாஸின் மனைவி பிலோமியும் அதைப் பார்த்திருப்பாள். அவள் கண்ணில் படாமலிருக்க, ஒரு வாரமாக அவன் அவள் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனான்.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் அவளே அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது.

"நானும் ஆடினேண்ணே."

மிக்கேலால் தலைநிமிர முடியவில்லை. "எத்தனாவது தடவையில காப்பாத்துன?"

"காப்பாத்தல. பெரிய அல ஒண்ணு வந்துச்சு. பயத்துல கயித்த விட்டுட்டேன். அந்தப் பக்கம் அவருதான்னு தெரிஞ்சும் விட்டுட்டேண்ணே."

மிக்கேல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மறுபடி ஆடிப் பாக்கலியா?" என்றான் மிக்கேல்.

"உங்களுக்கு மறுபடி ஒரு தடவ குடுத்தாவளா?" என்றாள் பிலோமி.