கம்பத்தடிச் சேதி

டிக்கா என்ற நாய்க்குத் தெருமுனை மின்கம்பத்தில் தினமும் ஒரு வேலை இருந்தது. முகம் தெரியாத ஒரு நாய் விடியும் முன்னே அங்கே தன் வாசனையை விட்டுப் போகும். கம்பத்தை ஒட்டிய வீட்டு அம்மாள் வாசல் தெளிக்கும்போது அந்த வாசனை தண்ணீரோடு போய்விடும். அதற்குள் டிக்கா போய் மோந்தாக வேண்டும்.

அதனால் தெருவில் இறங்கியதுமே டிக்கா தன் கழுத்துக் கயிற்றை இழுக்கும். இழுத்த உடனே, மறுமுனையைப் பிடித்து வரும் அதன் எஜமானர் சபேசன் அசையாமல் நின்றுவிடுவார். நின்று நின்று போய்ச் சேரும்போது கம்பம் ஈரமாக இருக்கும்.

"இந்த மனுஷனுக்குக் காலில் ஏதாவது கோளாறா?" என்று டிக்கா கயிற்றைக் கேட்டது.

"தெரியலை. நான் விறைச்சா நிக்கிறார், தொய்ஞ்சா நடக்கிறார். அது மட்டும் தெரியும்," என்றது கயிறு.

மறுநாள் டிக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காலோரமாகவே நடந்தது. சபேசன் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கம்பம் காய்ந்திருந்தது. டிக்கா மூக்கை வைத்தது. பெண் நாய். நேற்று கருவாடு தின்றிருக்கிறாள். இன்னும் பாதிச் சேதி பாக்கி.

அப்போது சபேசன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆபீசுக்கு நேரமாச்சு, வாடா," என்று இழுத்தார்.

டிக்கா நாலு காலையும் ஊன்றி அசையாமல் நின்றது. அவர் மறுபடி இழுத்தார். அது மறுபடி நின்றது.

"இவருக்கு எப்போ புரியும்?" என்று கயிற்றைக் கேட்டது.

"உனக்கே நாலு மாசம் ஆச்சு," என்றது கயிறு. "பொறு."