மேடையின் உயரம்

தொண்ணூற்றேழில் பீளமேட்டில் என் மகன் நடராஜ் வீடு கட்டினான். சமையலறைக்குச் சுவரே இல்லை. நடுவில் கிரானைட் மேடை, கல் இருபுறமும் அருவிபோல் தரைவரை இறங்குமாம்.

"சமைக்கறதை ஊட்டுக்கு வாரவன் போறவனெல்லாம் பாக்கறதா? குடும்ப மானம் என்னாகறது? சுவரை எழுப்புடா!" என்று அதட்டினேன்.

"கல்லுக்குச் சொல்லியாச்சுங்கப்பா," என்றான்.

கல்வேலை செய்யும் சென்னியப்பன் டேப்பை விரித்தார். "மேடை இடுப்பு உசரம் இருக்கோணுங்க. சமைக்கறவங்க வந்து நில்லுங்க."

மருமகள் நகரவில்லை. என் மனைவி நாச்சியம்மாளும் நகரவில்லை.

"ஏனுங்க, போய் நில்லுங்க," என்றாள் அவள் என்னிடம். "முப்பது வருசமாக் கதவைச் சாத்திப்போட்டு நம்மூட்டுல சமைக்கறது நீங்கதானுங்களே?"

மீசையை நீவியபடி போய் விறைப்பாக நின்றேன்.

"நெஞ்சு உசரத்துக்கு ஏத்திப்போடப்பா," என்றேன் சென்னியப்பனிடம். "வாரவங்க கண்ணுக்குக் கரண்டி தெரியக்கூடாது."